பரண் மேல் கிடக்கும் பழம்பொருளுக்கு மதிப்பீட்டு அறிக்கை: வரிக்கும் வழக்குக்கும் செல்லும்படி வாங்குவது எப்படி?

தாத்தா காலமாகிவிட்டார், வீட்டைக் காலி செய்கிறீர்கள். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குகிறது. துணிப்பையில் வெள்ளி ரூபாய்கள், இரண்டு தபால்தலை ஆல்பங்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியம், கிரிக்கெட் வீரர்கள் கையெழுத்திட்ட சின்ன மட்டை. "இதெல்லாம் என்ன பெறும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பக்கத்து நகைக்கடையில் ஒரு லெட்டர்பேடில் விலை எழுதி வாங்கிவிடுகிறார்கள். விற்ற பணத்துக்கு வருமான வரித் துறை விளக்கம் கேட்கும் நாளிலும், அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு வரும் நாளிலும் அந்தக் காகிதம் கைகொடுக்காது.

மதிப்பு என்பது பொருளை மட்டும் வைத்துச் சொல்லும் எண் அல்ல. எந்தத் தேதியில், எந்தக் காரியத்துக்கு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது மதிப்பு. இது புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதி வேலை எளிதாகிவிடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இங்கே வரும் வரிப் பிரிவு எண்கள் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 1-4-2026 முதல் 2025 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அந்தத் தேதிக்குப் பிந்தைய விற்பனைக்குப் பிரிவு எண்ணையும் விதியையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொண்டு அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

1. எதற்காக, எந்தத் தேதிக்கு என்று முதலில் எழுதி வையுங்கள்

மதிப்பீட்டாளருக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிவிடுங்கள்.

விற்கப் போகிறீர்கள் என்றால், வரிக்குத் தேவைப்படுவது இன்றைய விலை அல்ல. இன்றைய விலைதான் விற்ற ரசீதிலேயே இருக்கிறதே. பரம்பரையாக வந்த பொருளுக்கு முந்தைய உரிமையாளர் வாங்கிய விலைதான் உங்கள் அடக்கவிலை, அதாவது லாபத்தைக் கணக்கிட விற்ற தொகையிலிருந்து கழிக்கும் விலை. அவர் 1-4-2001க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியில் இருந்த நியாயச் சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆக, 2001 ஏப்ரல் 1 அன்று அது என்ன பெற்றிருக்கும் என்பதற்குத்தான் அறிக்கை வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். இன்றைய தேதிக்கு அழகான அறிக்கை வாங்கி, முழுக் கட்டணமும் கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் போடும் நேரத்தில் அது உதவாது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

உறவினர் அல்லாத ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்றால், உங்கள் கைக்கு வந்த தேதியின் மதிப்பு வேண்டும். ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு, நகை, வேறு கலைப்பொருள் ஆகியவற்றின் மதிப்பு ஓராண்டில் மொத்தம் ரூ. 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். உறவினர் கொடுத்தது, திருமணப் பரிசு, உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்தது ஆகியவற்றுக்கு இந்த வரி இல்லை.

பாகப்பிரிவினைக்கும் உயில் மெய்ப்பிப்பு (புரோபேட்) மனுவுக்கும் எந்தத் தேதி என்பதை வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இறந்த நாளா, மனு போடும் நாளா என்பது வழக்கைப் பொறுத்தது. காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு இன்னொரு வகை. அதே போன்ற பொருளைக் கடையில் திரும்ப வாங்க என்ன ஆகும் என்பது அது. பொதுவாக விற்கும் விலையைவிட அதிகமாகவே இருக்கும். காப்பீட்டு அறிக்கையை வரிக்குக் கொடுத்தால் அடக்கவிலையை ஊதிக் காட்டியதாக ஆகிவிடும்.

2. வரி எதற்கு உண்டு, எதற்கு இல்லை

சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்தின் மேல் வரும் வரி, கிடையாது. தாத்தாவின் சாய்வு நாற்காலி, பழைய ரேடியோ எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் நகை, தொல்பொருள் சேகரிப்பு, கோட்டுச் சித்திரம், ஓவியம், சிற்பம், கலைப்பொருள் எதுவும் இந்த விலக்கில் சேராது. தினமும் பார்த்து மகிழ்ந்த ஓவியம் என்றாலும் வரி உண்டு.

வெள்ளிக் காசு விஷயத்தில் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: "பூஜையில் வைத்துக் கும்பிட்டதுதானே, சொந்த உபயோகம்தான்" என்று. தோல்பூர் மகாராஜா குடும்ப வழக்கில் 1976 இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பூஜைக்குப் பயன்பட்ட தங்க நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் காசுகளும் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்பது தீர்ப்பு. பொருளுக்கும் ஆளுக்கும் அன்றாட நெருக்கம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. லட்சுமி பூஜைத் தட்டில் இருந்த நூறு வெள்ளி ரூபாயை விற்றால், வரிக் கணக்கு உண்டு என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தது என்றால் நீண்டகால ஆதாயம். முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலமும் சேரும் என்பதால் பரம்பரைப் பொருள் அனேகமாக இதில்தான் வரும். 23-7-2024 முதல் வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அதன் மேல் 4 சதவீத செஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓவியம் ஏலத்தில் ரூ. 9,00,000க்குப் போகிறது, கமிஷன் ரூ. 90,000. தாத்தா வாங்கிய விலை ரூ. 200 என்று ஒரு பழைய ரசீது இருக்கிறது. அதை மட்டும் வைத்தால் ஆதாயம் ரூ. 8,09,800, வரியும் செஸ்ஸும் ரூ. 1,05,274. 2001 இல் ரூ. 1,50,000 பெற்றிருக்கும் என்று முறையான அறிக்கை இருந்தால் ஆதாயம் ரூ. 6,60,000, வரி ரூ. 85,800. மிச்சம் ரூ. 19,474. சரக்கு சிறியது என்றால் இந்த மிச்சத்தையும் அறிக்கைச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பத்தாயிரம் ரூபாய் பொருளுக்கு அறிக்கை வாங்குவது வீண் செலவு.

3. விலை கேட்கும் முன், வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்

1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம், சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய, அறிவியல் அல்லது அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டு போதும். 1950க்கு முன் ஒரு தலைவர் தாத்தாவுக்கு எழுதிய கடிதம் இருந்தால், அதுவும் இதில் வரக்கூடும்.

தொல்பொருள் எல்லாவற்றுக்கும் பதிவு தேவையில்லை. கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், எல்லா வகை ஓவியங்கள், படங்கள் உள்ள ஓலை மற்றும் காகிதச் சுவடிகள் ஆகியவைதான் பதிவுக்கு உரியவை. கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு அலுவலரிடம் படிவம் 7 இல் புகைப்படத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா 1970களின் கடைசியில் பதிவு செய்திருக்கலாம். பீரோவில் பழைய பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்த ஒரு காகிதம் உரிமைக்கும் காலத்துக்கும் சேர்த்து ஆதாரம். கிடைத்தால், உரிமை மாறியதைத் தெரிவித்தால் போதும்.

பழைய செப்புத் திருமேனி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது கோயிலிலிருந்து வந்ததல்ல என்று காட்ட ஆவணம் இல்லாவிட்டால், தரகர் யாரிடமும் படம் அனுப்பாதீர்கள். வக்கீலோடு தொல்லியல் துறைக்குப் போவதுதான் பாதுகாப்பு. கிணறு வெட்டும்போது பானையில் கிடைத்த காசு என்று வீட்டில் கதை இருந்தால், அது 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வரும். ரூ. 10க்கு மேல் பெறும் புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு முக்கியமான விஷயம். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவே முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. நூறு ஆண்டு ஆகாத பொருள் என்றால், சென்னைக் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக் கொண்டு போகலாம். நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தஞ்சாவூர் ஓவியம் என்று பாகப் பத்திரத்தில் எழுதிவிட்டு, விமான நிலையத்தில் திகைக்க வேண்டாம். அப்படிப்பட்ட பொருளை இங்கே இருப்பவர் பங்கில் சேர்த்து, மதிப்பீட்டுத் தொகைக்கு ஈடாக மகளுக்குப் பணமாகக் கொடுப்பதே நடக்கிற வழி.

4. துடைக்காதீர்கள்

மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் வீட்டில் முதலில் நடப்பது சுத்தம் செய்வது. வெள்ளிக் காசைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது, செம்பைப் புளி போட்டு விளக்குவது. காசின் மேல் பல ஆண்டாகப் படிந்த கருமைப் படலம்தான் அது யாரும் தேய்க்காத காசு என்பதற்குச் சாட்சி. திருநீற்றுத் துகள் ராணியின் கன்னத்தில் மெல்லிய கோடுகளாகக் கீறிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே வாக்கில் ஓடும். அப்புறம் அது சேகரிப்பாளர் விலைக்குப் போகாது. வெள்ளி எடைக்குத்தான் போகும். காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதி.

தபால்தலையை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஓவியத்தின் பின்பலகையைக் கழற்றிப் புதுச் சட்டம் போடாதீர்கள். ஓவியத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள்: சட்டம் போட்ட கடையின் மங்கிய சீட்டு, கையால் அடித்த ஆணி, பலகையில் பூச்சி அரித்த துளை. காலத்தைச் சொல்வது முன்பக்கத்துத் தங்கத்தைவிட இந்தப் பின்பக்கம்தான்.

5. பட்டியலும் படமும்

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல், அது இருக்கும் உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பட்டியலில் பொருள், அளவு சென்டிமீட்டரில், எடை கிராமில், குறை, எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்ற விவரம் வேண்டும். காசுக்கு 0.01 கிராம் காட்டும் சின்ன மின்னணுத் தராசு போதும்.

படம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். ஓவியத்துக்கு முன், பின், நான்கு மூலை, சேதமான இடம். காசுக்கு இரண்டு பக்கமும் விளிம்பும். கையெழுத்துக்குச் சாய்வாக வெளிச்சம் விழும்படி ஒரு படம். கோப்புப் பெயரும் பட்டியல் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். நாளைக்குப் பொருள் காணாமல் போனாலும் காவல் நிலையத்தில் கொடுக்க இந்தப் பட்டியல்தான் உதவும்.

6. சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

- இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், உயில் அல்லது பாகப் பத்திர நகல்
- வாங்கிய ரசீது, ஏலச் சீட்டு, பழைய காப்பீட்டுப் பட்டியல்
- பழைய செல்வ வரிக் கணக்கு ஏதாவது இருந்தால் அது. 2015 வரை அந்த வரி இருந்தது. அதில் பொருள் காட்டப்பட்டிருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை
- பொருள் பின்னணியில் தெரியும் குடும்பப் புகைப்படங்கள்
- தொல்பொருள் பதிவுச் சான்றிதழ்
- பான், ஆதார் நகல்

புகைப்படத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1974 கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் சுவரில் அந்த ஓவியம் தொங்கினால், 2001க்கு முன்பே குடும்பத்தில் இருந்தது என்பதற்கு அது போதுமான அடையாளம். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பொருளை விற்றால், அந்தப் பணத்தை விளக்கமில்லாத வருமானமாக எடுத்துக்கொள்ள அதிகாரிக்கு வழி இருக்கிறது. அதற்கான வரி விகிதம் மூலதன ஆதாய விகிதத்தைவிட மிக அதிகம்.

7. யாரிடம் போவது

வரிக் காரியத்துக்கு, செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்தான். செல்வ வரி போய்விட்டாலும் இந்தப் பதிவு முறை தொடர்ந்தது. பதிவு ஒவ்வொரு சொத்து வகைக்கும் தனித்தனி. நகைக்குப் பதிவு பெற்றவர் ஓவியத்துக்கு எழுத முடியாது. "கலைப்பொருள்" வகையில் பதிவு உண்டா என்று கேட்டு, பதிவு எண்ணும் சான்றிதழ் நகலும் வாங்குங்கள். நகைக்கான அறிக்கை ஓ-8 படிவத்தில் வரும். கலைப்பொருளுக்குத் தனிப் படிவம் உண்டு. பெயர்ப் பட்டியல் வருமான வரித் துறையிடம் கிடைக்கும். சென்னைக்காரர்கள் நுங்கம்பாக்கம் மகாத்மா காந்தி சாலை அலுவலகத்தில் கேட்கலாம்.

இங்கே மூன்று குழப்பங்கள் வரும்.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் திவால் வாரியத்தில் பதிவு பெற்றவரும் "பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்" என்றுதான் கார்டில் போட்டிருப்பார். அந்தப் பதிவில் நிலம்-கட்டடம், இயந்திரம், நிதிச் சொத்து என்ற மூன்று வகைகள்தான். ஓவியமும் நாணயமும் அதில் இல்லை. அடுத்தது, வங்கியில் நகைக்கடனுக்கு எடை போடும் அப்ரைசர். அவர் சொல்வது தங்கத்தின் தரம், பொருளின் பழமை அல்ல. மூன்றாவது, வாங்க வரும் வியாபாரி. அவர் அனுபவசாலியாக இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் வாங்குபவர் எழுதும் மதிப்பு எந்த மேசையிலும் நிற்காது. பொருளில் தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சம்பந்தம் இல்லை, நேரில் பார்த்தேன் என்று மதிப்பீட்டாளர் உறுதி எழுத வேண்டும். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து எழுதித் தருகிறேன் என்பவரை அப்போதே விட்டுவிடுங்கள்.

தபால்தலை, கிரிக்கெட் கையெழுத்து போன்றவற்றில் ஒரே ஆளிடம் எல்லா அறிவும் இருக்காது. பதிவு பெற்றவர் அந்தத் துறை நிபுணரின் கருத்தை எழுத்தில் வாங்கித் தம் அறிக்கையோடு இணைப்பதுதான் சரியான முறை. அந்த நிபுணர் யார், தகுதி என்ன என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

8. கட்டணமும் காலமும்

செல்வ வரி விதிகளில் கட்டண அளவு உண்டு: மதிப்பின் முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 0.2 சதவீதம், அதற்கடுத்த 40 லட்சத்துக்கு 0.1 சதவீதம், மீதிக்கு 0.05 சதவீதம். குறைந்தபட்சம் ரூ. 500. அதாவது ரூ. 8 லட்சம் மதிப்புக்கு ரூ. 2,500 கூட்டல் ரூ. 600, ஆக ரூ. 3,100. பயணம், புகைப்படம், நிபுணர் கருத்து, சோதனை எல்லாம் இதற்கு வெளியே வரும். அந்தச் செலவு கட்டணத்தையே தாண்டிவிடலாம். அதனால் மொத்தம் எவ்வளவு, எத்தனை உருப்படிக்கு, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். மதிப்பை ஏற்றித் தருகிறேன், எனக்கு இவ்வளவு என்று பேசுபவரோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

"உங்கள் பழைய காசு லட்சக்கணக்கில் போகும், ரிசர்வ் வங்கி கமிஷன் கட்டுங்கள்" என்று வரும் அழைப்பு முழு மோசடி. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதை எச்சரித்துவிட்டது.

காலத்தைப் பொறுத்தவரை ஐம்பது உருப்படிப் பெட்டிக்கு நான்கு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். 2001 மதிப்புக்குப் பழைய ஏலப் பட்டியல்களைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் அவசரப்படுத்தினால் அறிக்கை மெலிந்துவிடும். ஜூலை 31 ரிட்டர்ன் கெடுவுக்கு ஜூலையில் ஓடாதீர்கள். விற்பதற்கு முன்பே அறிக்கை கையில் இருக்க வேண்டும். விற்று, பொருள் கை மாறிப் போய்விட்டால் நேரில் பார்த்து எழுதுவது எப்படி?

9. பொருள் வாரியாகச் சிக்கல்கள்

*நாணயம்.* பிரிட்டிஷ் வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். "சுதந்திர வருஷத்து வெள்ளி ரூபாய்" என்று தனியாகப் பொத்தி வைத்தவர்களுக்கு இது வருத்தமான செய்தி. மாறாக 1939 வெள்ளி ரூபாய் அரிது, அதனாலேயே ஆண்டைத் திருத்திய போலிகள் உண்டு. 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து மாற்றினார்கள். அதற்கும் தனி விலை உண்டு. ஆகவே "வெள்ளிக் காசு 120" என்று ஒரே வரியில் மதிப்பு போட விடாதீர்கள். அரிய காசுகளைத் தனியாகவும், சாதாரணக் காசுகளை ஆண்டு வாரியாகத் தொகுத்தும் எழுத வேண்டும். விலையுயர்ந்த ஒன்றிரண்டை மட்டும் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். எல்லாவற்றையும் அனுப்புவது பணவிரயம்.

*தபால்தலை.* ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற தபால்தலை நிறுவனத்தின் பட்டியல் விலையை அப்படியே மதிப்பாக எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது ஒரு வியாபாரி நல்ல நிலையில் உள்ள தலையை விற்கும் விலை. சந்தையில் உங்களுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி தொகுப்பில் 10 ரூபாய்த் தலைதான் முக்கியம். போலியும் அதில்தான் அதிகம். அசல் சுவிட்சர்லாந்தில் ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சானது. சாதாரண ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் உருப்பெருக்கியில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கக் கோந்தின் நிலை, ஒட்டுத்தாள் தழும்பு உண்டா என்பது இல்லாத அறிக்கை அரைகுறை. நம் ஊர் ஈரக்காற்றில் கோந்து இளகி ஆல்பத் தாளோடு ஒட்டியிருந்தால் அதையும் குறையாக எழுதச் சொல்லுங்கள்.

*ரவி வர்மா படம்.* வீடுகளில் இருப்பது அனேகமாக அச்சுப் படம். ஓலியோகிராஃப் என்பார்கள். பழைய கல்லச்சா, புதிய மறுபதிப்பா என்பதுதான் கேள்வி. பத்து மடங்கு உருப்பெருக்கியில் ஒழுங்கான வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது புதிய அச்சு. கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் போல இருக்கும். கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்கும். சட்டம் போடுபவர் அந்த விளிம்பை மடித்தோ வெட்டியோ விட்டால் பாதி ஆதாரம் போயிற்று. சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்த படங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தெடுத்துவிடாதீர்கள். கையால் வரைந்த ரவி வர்மா அசல் என்று உண்மையிலேயே தெரிந்தால், அது கலைக் கருவூலம் என்று அறிவிக்கப்பட்டது, வயது எதுவானாலும் நாட்டை விட்டுப் போகாது.

*கையெழுத்திட்ட மட்டை.* 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் ஞாபகமாகக் கையெழுத்து வாங்கி வைத்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். சின்ன மட்டைகளில் கையெழுத்து அச்சிட்டே விற்பதும் உண்டு. விரலால் தடவிப் பாருங்கள். கையால் போட்டதில் பேனா அழுத்திய தடம் மரத்தில் பள்ளமாக இருக்கும், ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். அச்சில் எல்லாம் ஒரே கனம். வாங்கியவர் உயிரோடு இருந்தால் எப்போது, எங்கே, எப்படி வாங்கினார் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். இந்த வகைப் பொருளில் விலையைத் தாங்குவது அந்தக் காகிதம்தான்.

பழைய பாட்டுப் புத்தகம், சினிமா போஸ்டர், இசைத்தட்டு போன்றவற்றுக்கு ஒப்பிட ஏல விலை கிடைப்பது கடினம். தனித்தனியாக அறிக்கை வாங்காமல் தொகுப்பாகப் பட்டியலிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

10. அறிக்கையைக் கையில் வாங்கும்போது

கட்டணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுப்பதற்கு முன், உட்கார்ந்து படியுங்கள். மதிப்புத் தேதியும் நோக்கமும் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா? ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண்ணும் படமும் உண்டா? பார்வையிட்ட தேதியும் இடமும்? எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார், அவை எந்த ஆண்டு ஏலம், உங்கள் பொருள் அவற்றைவிட எந்த வகையில் குறைவு அல்லது கூடுதல் என்ற காரணம்? பதிவு எண், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, முத்திரை?

இவற்றில் ஒப்பீடுதான் உயிர். "அனுபவத்தின் அடிப்படையில் ரூ. 1,50,000" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது அறிக்கை அல்ல, அபிப்பிராயம். இன்றைய விலையிலிருந்து ஏதோ ஒரு சதவீதம் கழித்து 2001 மதிப்பு போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். மூன்று அசல் பிரதி வாங்குங்கள்: ஆடிட்டருக்கு, வக்கீலுக்கு, வீட்டுக்கு.

11. விற்கும்போதும் கேள்வி வந்தாலும்

ஒரே விற்பனைக்கு ரூ. 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். 269எஸ்டி பிரிவின்படி அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். வங்கி வழியாகவே வாங்குங்கள். ரசீதில் அறிக்கையில் உள்ள உருப்படி எண்ணையே குறிப்பிடச் சொல்லுங்கள். பதிவு செய்த தொல்பொருள் என்றால் கைமாறியதைப் பதிவு அலுவலருக்குத் தெரிவியுங்கள். வரி ரூ. 10,000க்கு மேல் வரும் என்றால் விற்ற பிறகு வரும் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) தவணையிலேயே கட்டிவிட்டால் வட்டி மிச்சம்.

வரி அதிகாரிக்கு மதிப்பில் சந்தேகம் வந்தால் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பலாம். அவர் முடிவு செய்யும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் மதிப்பீட்டாளர் எடுத்த ஒப்பீட்டு ஆவணங்களின் நகல் தேவைப்படும். அவற்றை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால் அபராதம் அந்த வரியில் 50 சதவீதம், தெரிந்தே தவறாகக் காட்டியிருந்தால் 200 சதவீதம்.

நீதிமன்றத்தில் அறிக்கையைத் தாக்கல் செய்வதோடு முடிவதில்லை. எதிர்த்தரப்பு மறுத்தால் மதிப்பீட்டாளர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். பாரதிய சாட்சிய சட்டம் 39 ஆம் பிரிவின் கீழ் அது நிபுணர் கருத்து. சாட்சி சொல்ல வருவாரா, நாளொன்றுக்குக் கட்டணம் என்ன என்பதை வேலை கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் மதிப்பின்மேல் கட்டும் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். பொருள் முழுக்க இன்னொருவர் பிடியில் இருந்து, உங்கள் பங்கு ரூ. 4 லட்சம் என்றால் ரூ. 12,000 கட்ட வேண்டி வரும். மதிப்பைக் கூட்டி எழுதினால் இந்தக் கட்டணமும் கூடும். உயில் மெய்ப்பித்த பிறகு ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்தாம் படியில் போட்ட அதே பட்டியலை எண் மாற்றாமல் அங்கே கொடுக்கலாம்.

விற்காமல் வீட்டிலேயே வைத்திருக்கப் போகிறவர்கள் வீட்டுக் காப்பீட்டையும் பாருங்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் கலைப்பொருளைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு கிடைக்கும். மொத்தம் ரூ. 5 லட்சத்துக்குள்ளும் ஒவ்வொன்றும் ரூ. 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்பதில்லை. அதற்கு மேல் போனால், வரிக்கு வாங்கிய அறிக்கையைக் கொடுக்காமல் இன்றைய தேதிக்குப் புதிதாக ஒன்று எழுதி வாங்குங்கள்.